மதுரை ஹோட்டல்களில் ஒரு வருடம்: எந்த மாதம், எதைச் சாப்பிடலாம்?

வடுகபட்டி சித்த மருத்துவர் தரும் ருசிக் கணக்கு

"எல்லாம் சரி டாக்டர்... வெளியிலே சாப்பிடலாமா, கூடாதா?"

மருந்து எழுதி, பத்தியம் சொல்லி முடித்ததும் நோயாளிகள் கேட்கிற கடைசிக் கேள்வி இதுதான். கேட்கும்போதே குரல் இறங்கிவிடும். பக்கத்தில் நிற்கிற மனைவி ஒரு முறை முறைப்பார். 'கூடவே கூடாது' என்று நான் சொல்லப் போகிறேன் என்றுதான் இருவரும் எதிர்பார்ப்பார்கள்.

நான் அப்படிச் சொல்வதில்லை. காரணம், நானும் ஹோட்டலில் சாப்பிடுகிறவன்தான். அதுவும் ரசித்துச் சாப்பிடுகிறவன்!

எங்கள் ஊர் வடுகபட்டி. பெரியகுளத்தை ஒட்டிய பூண்டு ஊர். வியாழனும் ஞாயிறும் சந்தை கூடினால் தெருவெல்லாம் பூண்டு மணக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கே மலிவாகக் கிடைக்கிறதே தவிர, மற்ற மருந்துச் சரக்குகளுக்கு மதுரைதான் போகவேண்டும். மாதம் இரண்டு தடவையாவது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம் என்று பொறுக்கி எடுத்து மூட்டை கட்டுவேன். அதற்குள் வயிறு மணியடித்துவிடும். தூங்கா நகரத்தில் சாப்பாட்டுக் கடைக்கா பஞ்சம்?

போன சித்திரையில் ஒரு யோசனை தோன்றியது. மதுரையில் எந்த மாதம் என்ன சாப்பிட்டேன், அது வயிற்றில் எப்படி நடந்துகொண்டது என்று ஒரு டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன். பங்குனியில் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் பதார்த்தம் அல்ல. அதைச் சாப்பிடுகிற நேரமும், அளவும், எத்தனை தடவை என்பதும்தான்.

இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாலபாடம் இது. வருடத்தை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வாதம், பித்தம், கபம் எப்படி ஏறி இறங்குகிறது என்று கணக்கு வைத்திருக்கிறது சித்த மருத்துவம். முன்னே உண்டது செரித்த பிறகே அடுத்ததை உண்ண வேண்டும் என்கிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். ஹோட்டலுக்கும் இதே சட்டம்தான்!

வாருங்கள், மாதவாரியாகப் போகலாம்.

சித்திரை, வைகாசி: ஆவியில் வெந்தது ஆயிரம் பொன்!

மதுரையில் சித்திரைத் திருவிழாக் காலம். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். வெயிலில் நின்று வியர்வையாக நீரும் உப்பும் போன உடம்புக்கு நீரோடு உப்பு சேர்ந்த மோர், நீரோடு வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்ந்த பானகம்! நம் முன்னோர்கள் திருவிழாவுக்குள்ளேயே வைத்தியத்தை வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா? (சர்க்கரை உள்ளவர்கள் மோர்ப் பந்தலோடு நின்றுகொள்ளுங்கள்!)

இந்த மாதங்களில் என் ஓட்டு இட்லிக்குத்தான். மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடையில் இலையைப் போட்டு, பூ மாதிரி இட்லி வைத்து, சட்னிகளை வரிசையாக ஊற்றுவார்கள். அரிசியும் உளுந்தும் ஊறி, அரைபட்டு, புளித்து, ஆவியில் வெந்து வருகிற பண்டம். செரிமானத்தின் பாதி வேலையை மாவே முடித்துவிடுகிறது. எண்ணெயும் இல்லை.

ஆனால் 'இட்லிதானே' என்று எட்டு, பத்து என்று போகாதீர்கள். இட்லியும் அரிசிதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்தி, சாம்பாரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பருப்பும் காயும் சேர்ந்தால் சர்க்கரை ஏறுகிற வேகம் குறையும்.

ஆனி, ஆடி: ஜிகர்தண்டாவுக்கு ஒரு முறை உண்டு

மதுரைக்குப் போய்விட்டு ஜிகர்தண்டா குடிக்காமல் திரும்பினால் வீட்டில் பிள்ளைகள் சும்மா விடுமா? 'ஜிகர்' என்றால் ஈரல், நெஞ்சு; 'தண்டா' என்றால் குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கத்தில் 1977-லிருந்து ஜிகர்தண்டா விற்கிற கடையில் வெயில் காலத்தில் கூட்டம் சொல்லி மாளாது.

இதில் நன்னாரியும் பாதாம் பிசினும் எங்கள் மருந்துப் பெட்டியில் உள்ளவை. உடல் சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் சித்த மருத்துவம் கொடுக்கிற சரக்குகள். ஆனால் கூடவே சர்க்கரையும் ஐஸ்கிரீமும் இருக்கிறதே! அதனால் என் முறை இது: நடுப்பகலில், வெறும் தாகத்துக்கு, சின்ன டம்ளர் ஒன்று. பிரியாணி சாப்பிட்ட கையோடு பெரிய டம்ளர் ஜிகர்தண்டா குடிப்பது அடுப்பில் உலை கொதிக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றுகிற கதைதான். ராத்திரி முழுக்கப் பொருமும். சைனஸ், ஆஸ்துமா தொந்தரவு இருக்கிற பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் இல்லாமல் போடச் சொல்லுங்கள். கேட்டால் போட்டுத் தருவார்கள்.

ஆவணி, புரட்டாசி: இலைச் சாப்பாடே இனிய மருந்து

காற்றும் தூறலும் மாறி மாறி வரும் கார்காலம். வாதம் கூடுகிற சமயம். பசி மந்தமாகவே இருக்கும். புரட்டாசி என்பதால் பல வீடுகளில் கவுச்சியும் கிடையாது. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு எது?

இந்த இரண்டு மாதமும் டவுன்ஹால் ரோடு பக்கத்துச் சைவ ஹோட்டல்களில் இலைச் சாப்பாடுதான் எனக்கு. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று அந்த வரிசையைக் கவனியுங்கள். கனமானது முதலில், லேசானது கடைசியில். ரசத்தில் மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம் எல்லாமே வாயுவைக் கலைக்கிற சரக்குகள். மோர் குடலுக்குக் குளிர்ச்சி. நம் இலையில் ஜீரண மருந்தும் சாப்பாட்டோடு சேர்ந்தே வருகிறது.

நாம் என்ன செய்கிறோம்? சாம்பாருக்கே நாலு கரண்டி சாதம் வாங்கி வயிற்றை அடைத்துவிட்டு, "ரசம் வேண்டாம்பா, மோர் வேண்டாம்பா" என்கிறோம். மருந்தைத் தள்ளிவிட்டு நோயை வாங்கிக்கொள்கிறோம். சாம்பாருக்குப் பாதி, ரசத்துக்குக் கால், மோருக்குக் கால் என்று சாதத்தைப் பிரித்துப் பாருங்கள். எழுந்திருக்கும்போது தூக்கம் வராது. அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் மட்டும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கும்பிடு போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஐப்பசி, கார்த்திகை: தள்ளுவண்டி வைத்தியசாலை

அடைமழை, சளி, இருமல். என் வைத்தியசாலையில் கூட்டம் நிறைகிற காலம். மதுரையில் இந்த மாதங்களில் நான் பெரிய ஹோட்டல்களைத் தேடுவதில்லை. தள்ளுவண்டிகளைத் தேடுவேன்!

முதலாவது பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டி அல்லது வெல்லமும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுச் சூடாகக் கொடுப்பார்கள். சிலர் திப்பிலி, சித்தரத்தையும் சேர்ப்பதுண்டு. தொண்டைக் கரகரப்புக்கு இதமோ இதம்.

இரண்டாவது முள்முருங்கை வடை. தெற்குமாசி வீதிப் பக்கம் சௌராஷ்டிரா குடும்பங்கள் கை தேர்ந்த பண்டம். முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி, எண்ணெயில் போட்டு எடுத்து, மேலே பொடி தூவித் தருவார்கள். கல்யாண முருங்கை என்று நாம் சொல்வதும் இதையேதான். சளிக்கும், பெண்களின் மாதவிடாய் வயிற்றுவலிக்கும் சித்த மருத்துவத்தில் பேர் பெற்ற கீரை. எண்ணெய்ப் பண்டம் என்பதால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வீட்டில் இதே மாவைத் தோசைக்கல்லில் அடையாக வார்த்தால் எண்ணெய் பாதியாகக் குறையும்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை! சூடாக ஆவி பறக்க உங்கள் கண் முன்னால் எடுத்துத் தருவதை மட்டும் சாப்பிடுங்கள். திறந்து வைத்த சட்னி, நறுக்கி வைத்த பழம், மூடி இல்லாத குடத்துத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மார்கழி, தை: வயிறு தயார்... ஆனால் மாலையோடு சரி!

பனிக்காலத்தில் பசித்தீ நன்றாக எரியும். நெய், கறி, இனிப்பு போன்ற கனமான பண்டங்களைத் தாங்குகிற சக்தி வயிற்றுக்கு அப்போதுதான் அதிகம். வருடம் முழுக்க அடக்கி வைத்த ஆசைகளை நானும் இந்த இரண்டு மாதங்களில்தான் தீர்த்துக்கொள்கிறேன்.

காலையில் மிளகு, சீரகம், இஞ்சி போட்ட வெண்பொங்கல். நெய் மிதந்தாலும் அந்த மூன்றும் அதைக் கரைத்துவிடும். ஒருநாள் மதியம் கீழவெளி வீதி அம்சவல்லியில் சீரகச் சம்பா பிரியாணி. இன்னொரு நாள் சாயங்காலம் சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை.

கறி தோசை சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடியில் கனமான தோசை, நடுவில் முட்டை, மேலே மசாலாக் கறி. மூன்றும் ஒரே கல்லில் ஒட்டி வேகும். ருசிக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு கறி தோசை என்பது ஒரு வேளை முழுச் சாப்பாடு! அதை 'டிபன்' என்று நினைத்து, பின்னால் இரண்டு புரோட்டாவும் சொல்வதுதான் வினை. நான் ஒரு தோசையை நண்பரோடு பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வேன். "ஐயா, இன்னொன்னு போடவா?" என்று மாஸ்டர் கேட்பார். "போதும் தம்பி, வயிறு சொல்லிருச்சு" என்று எழுந்துவிடுவேன். ஏழு, ஏழரை மணிக்குள் முடித்துவிட்டால் பஸ் ஏறி ஊர் வந்து சேருவதற்குள் பாதி செரித்துவிடும்.

மதுரை அல்வாவைச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இலைத்துண்டில் சுடச்சுட 50 கிராம் வாங்கி நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போவது மதுரைப் பழக்கம். அந்தப் பழக்கம் நல்லது. அரைக் கிலோ பொட்டலம் வாங்கி வந்து, வீட்டில் போகும்போதும் வரும்போதும் கிள்ளிக் கிள்ளித் தின்பதுதான் கெட்டது.

மாசி, பங்குனி: அயிரை மீன் காலம்

வெயில் ஏற ஆரம்பித்ததும் ஆட்டுக்கறியைக் குறைத்து மீனுக்கு வந்துவிடுவேன். அழகர்கோவில் சாலை அம்மா மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பு பிரசித்தம். விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு வாங்கி, தேங்காய்ப்பாலில் விட்டு, உள்ளே இருக்கிற மண்ணையும் அழுக்கையும் கக்க வைத்த பிறகுதான் குழம்பில் போடுவார்கள். முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்து முழுசாகக் கிடைக்கிறது. மூட்டு வலிக்காரர்களும் நாற்பதைத் தாண்டிய பெண்களும் அவசியம் சாப்பிட வேண்டிய மீன். மீன் சாப்பிட்ட இலையில் தயிரும் மோரும் வேண்டாம் என்பது எங்கள் பத்திய முறை. ரசத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, புரோட்டா?

இவ்வளவு சொல்லிவிட்டு மதுரைப் புரோட்டாவை விட்டுவிட முடியுமா? கொத்து, பன், முட்டை என்று எத்தனை வகை! ஆனால் என் டைரியில் புரோட்டா வருடத்துக்கு நாலே நாலு தடவைதான் இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

என்னிடம் வந்த ஒரு வியாபாரி, ஐம்பது வயதுக்காரர். கால் எரிச்சல், அடிக்கடி சிறுநீர். ரத்தம் பார்க்கச் சொன்னேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதைத் தாண்டியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மனுஷன் சண்டைக்கே வந்துவிட்டார்.

"காப்பிக்குக்கூட நான் சீனி போடறதில்லையே வைத்தியரய்யா! இனிப்பைத் தொட்டு வருஷமாச்சு!"

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"கடையை அடைக்கப் பதினொரு மணி ஆயிரும். நாலு புரோட்டா, சால்னா. வந்து படுத்துருவேன்."

"வாரத்துக்கு எத்தனை நாள்?"

மனைவி பதில் சொன்னார். "ஞாயித்துக்கிழமை தவிர எல்லா நாளும்ங்க!"

விஷயம் இதுதான். சீனி இனிக்கிறது, அதனால் பயப்படுகிறோம். மைதா இனிப்பதில்லை, அதனால் ஏமாந்துவிடுகிறோம். தவிடும் நாரும் நீக்கிய மாவு அது. உள்ளே போனதும் சீக்கிரமே சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறுகிறது. கூடவே எண்ணெய். அதைச் செலவழிக்க உடம்புக்கு வேலை இருக்கிறதா? பதினொன்றரை மணிக்குப் படுக்கை! ஒரு நாள் பார்சல் வாங்கி வீட்டுத் தராசில் நாலு புரோட்டாவை வைத்துப் பாருங்கள். எடையே பேசும்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அவர்களில் எத்தனை பேர் 'நான் இனிப்பே சாப்பிடுவதில்லை' என்கிறவர்களோ!

அந்த வியாபாரிக்கு நான் புரோட்டாவை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் ஒரு நாள், ஒன்று, அதுவும் எட்டு மணிக்குள். மற்ற நாட்களில் சாயங்காலமே வீட்டிலிருந்து கேரியர். சர்க்கரை டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். ஆறு மாதத்தில் எண்ணிக்கை ஏழுக்குக் கீழே இறங்கியது. கேரியர் கட்டிய அம்மாவுக்குத்தான் அந்தப் பெருமை.

வாயுதானே என்று விட்டுவிடாதீர்கள்!

பூண்டு ஊர்க்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ராத்திரி கனமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து நெஞ்சு கரித்தால், "வாயு பிடிச்சிருக்கு, ரெண்டு பூண்டை வாட்டித் தின்னு" என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாதாரண உப்புசத்துக்குப் பூண்டும் கேட்கும், ஓமத் தண்ணீரும் கேட்கும், சீரகத் தண்ணீரும் கேட்கும்.

ஆனால் நெஞ்சின் நடுவில் கல்லை வைத்தது போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிற வலி, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்கல், தலைசுற்றல்... இவற்றில் எது இருந்தாலும் அது வாயு அல்ல என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பூண்டு உரித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி அவ்வளவாகத் தெரியாமல், வெறும் அசதியாகவும் வியர்வையாகவும்கூட மாரடைப்பு வரலாம். போய்ப் பார்த்து வாயுதான் என்று தெரிந்தால் சந்தோஷம். ஒரு ராத்திரித் தூக்கம்தானே போச்சு!

ஹோட்டலுக்குக் கிளம்பும் முன்...

* பசித்தால் மட்டும் கிளம்புங்கள். 'ஞாயிற்றுக்கிழமையாச்சே' என்பது பசி அல்ல.

* இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும்.

* ஒரு வேளைக்கு ஒரே கனமான பண்டம். பிரியாணி என்றால் புரோட்டா இல்லை. கறி தோசை என்றால் அல்வா இல்லை.

* நாலு பேர் போனால் மூன்று பேருக்குச் சொல்லுங்கள். பிரித்துச் சாப்பிடுங்கள். போதாவிட்டால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

* வறுக்கிற எண்ணெய் கருத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் அந்தக் கடையில் பொரித்ததைத் தொடாதீர்கள்.

* வெந்நீர் கேட்டு வாங்குங்கள். ஐஸ் தண்ணீரும் கலர் பாட்டிலும் வேண்டாம்.

* மீந்ததைப் பார்சல் கட்டி மறுநாள் சுடவைத்துச் சாப்பிடாதீர்கள். முதல் நாள் கறி எவ்வளவு ருசியானாலும் ஆகாது என்பது தேரையர் காலத்து விதி.

* கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அரைவேக்காட்டு முட்டை, பச்சை முட்டை சேர்த்த பண்டங்களைத் தவிர்க்க வேண்டும். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஒரு வருடத் தடை விதித்தது இந்தக் கிருமி ஆபத்துக்காகத்தான்.

* வீட்டுக்கு வந்ததும் படுக்காமல், மெதுவாகக் கால் மணி நேரம் நடங்கள். இதற்கு ஈடான ஜீரண மருந்து என் அலமாரியில்கூட இல்லை!

அவ்வளவுதான். இனி ஹோட்டல் வாசலில் நிற்கும்போது பயமும் வேண்டாம், குற்ற உணர்ச்சியும் வேண்டாம். இது என்ன மாதம், இப்போது மணி என்ன, போன தடவை இதைச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சு? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சரியாக இருந்தால் தாராளமாக உள்ளே போய் இலையைப் போடச் சொல்லுங்கள்!